ஐந்தாவது குழி

கிணற்றடியில் மாமியார் முகம் கழுவும் சத்தம் நிற்பதற்குள் அதைப் பிடுங்கியாக வேண்டும்.

மாப்பிள்ளை ஈர மண்ணில் முட்டி போட்டு, தண்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டே இலை விட்ட பூசணிக் கன்று, ஒரு சாண் உயரம்கூட இல்லை. ஆனால் மண்ணுக்கு அடியில் யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விளையாடுவது போல இருந்தது. மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். கன்று வந்தது. அவர் மல்லாந்தார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. கன்றைச் சட்டைப் பையில் திணித்து, குழியைக் காலால் தள்ளி மூடிவிட்டு, வானத்தை ரசிப்பவர் போல நின்றுகொண்டார். மாமியார் அவரைப் பார்த்தார். பிறகு மூடிய குழியைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் விட்டு மண்ணில் சூடு ஏறியதும், தோட்டத்தின் கிழக்கு வரிசையில் தலைக்கு ஒரு பூசணிக் குழி. அவரவர் குழியை அவரவரே வெட்டி, பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, தன் அடையாளத்தைக் கட்ட வேண்டும். மாமனாருக்குப் பழைய பெல்ட்டின் கொக்கி. மாமியாருக்கு உடைந்த வளையல். மனைவிக்குச் சிவப்பு ரிப்பன். கடிகாரம் ரிப்பேர் செய்கிற மாப்பிள்ளைக்கு, ஓடாத கடிகாரத்தின் பெரிய முள். நாலு பேர், நாலு குழி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மாப்பிள்ளை அந்த வீட்டோடு வந்து தங்கி எட்டு மாதம் ஆகிறது. ஊரில் அவருக்கு டிக்டிக் என்று பெயர். சாப்பாட்டு மேஜையின் ஓரம்தான் அவருடைய பட்டறை. திருகாணி கீழே விழுந்தால் கோழி கொத்திவிடும். போன மாதம் ஒரு கோழி வாத்தியார் வீட்டுக் கடிகாரத்தின் பல்சக்கரத்தை விழுங்கிவிட்டது. மூன்று நாள் அதன் பின்னாலேயே குச்சியோடு திரிந்தார். ஊர் சிரித்தது.

அதனால்தான் அவருக்கு அந்தப் பின்கட்டு அறை வேண்டும். சும்மா பூட்டிக் கிடக்கிற அறை. நல்ல வெளிச்சம், கோழி வராது. அது கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மனைவியை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போய், இன்னொருவர் கடையில் கூலி ஆளாக உட்கார வேண்டியதுதான். மனைவிக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. அம்மாவும் அவளும் அவ்வளவு ஒட்டு. சந்தையில் பார்த்தவர்கள் அக்கா தங்கையா என்று கேட்பார்கள்.

விதை போட்ட அன்று அறையைப் பற்றி மாமனாரிடம் கேட்டபோது, பூசணி வரிசை ஒழுங்காக முளைத்து வரட்டும், அப்புறம் பேசலாம் என்றிருந்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். அன்றைய கணக்கு அதோடு தீர்ந்தது.

நாலு கன்றும் ஒழுங்காகத்தான் முளைத்தன. ஐந்தாவதாக இது எங்கிருந்து வந்தது? தன் கை தவறி ஒரு விதை விழுந்திருக்கும் என்று முடிவு கட்டித்தான் மாப்பிள்ளை அதைப் பிடுங்கினார்.

மறுநாள் காலை அதே இடத்தில் புதுக் குழி. புதுக் கன்று. சுற்றிலும் கூழாங்கற்கள் வட்டமாக வேறு அடுக்கியிருந்தன.

மாப்பிள்ளைக்கு முதுகில் ஈரத்துணி போட்டது போல் இருந்தது. இருந்தாலும் அதையும் பிடுங்கினார். குழி தெரியாமலிருக்க மேலே முள்ளங்கி விதையைத் தூவினார்.

அதற்கடுத்த நாள் கன்று மறுபடி நின்றது. இந்தத் தடவை குச்சியோடு. குச்சியில் கைக்குட்டையில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். எத்தனையோ தடவை துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழந்துணி.

பக்கத்தில் ஒரு மண்கட்டி கிடந்தது. எடுத்தார். அதில் பல் பதிந்த தடம் இருந்தது. யாரோ ஒரு வாய் கடித்திருக்கிறார்கள்.

இனி ஒளிக்க முடியாது. மனைவியை ரகசியமாக அழைத்துக் காட்டினார். அவள் குச்சியைப் பார்த்தாள். மண்கட்டியைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நீ வச்சியா?"

"நான் ஏன் வைக்கப் போறேன்? எங்க வீட்டுல ஆளுக்கு ஒண்ணுதாங்க. நான் பொறந்ததுல இருந்து மூணு, நீங்க வந்ததும் நாலு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சு குழின்னா, இந்த வீட்டுல நமக்குத் தெரியாம இன்னொருத்தர் இருக்காங்க."

"சும்மா இரு."

"மண்ணைத் தின்னுட்டு இருக்காங்க."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். வாய் பாதிதான் திறந்தது.

அன்றிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தாள். சோற்றுப் பானையில் தினம் ஒரு ஆள் சாப்பாடு குறைகிறது. பரணில் இருந்த பழைய டிரங்குப் பெட்டியின் தூசியில் கைத்தடம். யாரும் இல்லாத சமையலறையில் அம்மா யாரிடமோ மெல்லப் பேசிக்கொண்டிருக்கிறாள், இவள் நுழைந்ததும் நிறுத்திவிடுகிறாள். கேட்டால், கோழியிடம் பேசினேன் என்கிறாள். கோழி வாசலில் நிற்கிறது.

மாப்பிள்ளை தன் பங்குக்கு ஒன்றைக் கவனித்திருந்தார். சைக்கிளில் ஊர் சுற்றும் நர்ஸம்மா வாரம் இரண்டு முறை கொல்லைக் கதவு வழியாக வந்து போகிறார். எதற்கு என்று கேட்டதற்கு, விதை கேட்டு வந்தார் என்றார் மாமியார். விதை வாங்க வந்தவர் இரண்டு முறையும் வெறுங்கையோடுதான் போனார். அதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்.

"நர்ஸா? அப்போ அம்மாவுக்கு ஏதோ பிடிச்சிருக்கு. மருந்துக்கு அடங்காதது." அவள் பெட்டியை எடுத்துத் துணியை மடித்து வைக்கத் தொடங்கினாள். "டவுனுக்கே போயிடலாங்க."

இந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்றிருந்தவளை, தானே விரட்டிவிட்டோமே என்று மாப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். பேய் பிசாசு ஒன்றும் இல்லை என்று நிரூபித்துவிட்டால் பெட்டி தானாகக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நிரூபிக்கத் தோதான இடம் அந்தப் பூட்டிய அறைதான். உள்ளே ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டால் போதும். உச்சி வெயிலில் அவளை இழுத்துக்கொண்டு போனார்.

அறைக் கதவில் பூட்டு தொங்கியது. உள்ளிருந்து சத்தம் வந்தது.

க்ரீச்... க்ரீச்...

கடிகாரக்காரர் காது அது. ஒரே சீராக, பெரிய பெண்டுலம் ஆடுவது போல. ஆனால் அந்த வீட்டில் பெண்டுலம் கிடையாது.

குனிந்து சாவித் துவாரத்தில் கண் வைத்தார். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு. கயிற்றில் வெள்ளையாக ஏதோ தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தது. தள்ளிவிட யாரும் இல்லை.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் இல்லை," என்றார் மாப்பிள்ளை, துவாரத்தைக் கையால் மூடியபடி.

அவள் அவரைத் தள்ளிவிட்டுத் தானே பார்த்தாள். அவள் போட்ட அலறலில் கூரைப் புறா எல்லாம் பறந்துவிட்டது. சமையலறையிலிருந்து மாமியார் ஓடி வந்தார். அறையின் இன்னொரு கதவு திறக்கும் கொல்லைப்புறத்திலிருந்து மாமனாரும் வந்தார், கையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. வாழ்க்கையில் குரலை உயர்த்தியே அறியாத மனிதர், அலறிய மகளை விட்டுவிட்டு, ஓடி வந்த மாமியாரைப் பார்த்துக் கத்தினார்:

"ஓடாதே, நில்லு!"

மாமியார் அப்படியே நின்றார். நாலு பேரும் நின்றார்கள். உள்ளே க்ரீச் சத்தம் மெல்லக் குறைந்து அடங்கியது.

மாப்பிள்ளையால் பொறுக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் குழிதான். சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். கன்றை மட்டும் பிடுங்கினால் போதாது, இரண்டடி ஆழத்துக்கு மண்ணையே வாரி எறிந்துவிட வேண்டும். மண்வெட்டியை ஓங்கினார்.

மாமியார் மெதுவாக, அடி மேல் அடி வைத்து வந்து, கன்றுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்துகொண்டார். முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். சத்தமே வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மாமனார் வந்து மண்வெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"பிடுங்காதீங்க மாப்பிள்ளை. ரெண்டு தடவை பிடுங்கிட்டீங்க, பொறுத்துக்கிட்டோம். அது நம்ம வீட்டு ஆளு."

"யாரு மாமா?"

மாமனார் மாமியாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அவர் காது சிவந்துபோயிருந்ததை மாப்பிள்ளை கண்டார். அதற்கு அர்த்தம் மட்டும் பிடிபடவில்லை.

"அந்த ரூமாவது..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"ரூம் காலியா இல்லை மாப்பிள்ளை."

வெளியே பூட்டு. உள்ளே ஆள். மனைவி பெட்டியோடு வாசற்படியில் நின்றாள். சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடலாம், கடிகாரங்களை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றாள். மாப்பிள்ளைக்கும் அதுவே சரியாகப் பட்டது. குச்சியிலிருந்து தன் கடிகார முள்ளை அவிழ்க்கக் குனிந்தார். அவசரத்தில் முடிச்சு இன்னும் இறுகியது.

அப்போது வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது.

நர்ஸம்மா காலை ஊன்றி நின்றார். மண்ணில் உட்கார்ந்திருந்த மாமியாரையும், மண்வெட்டியையும், வாசற்படியில் பெட்டியையும் ஒரு முறை பார்த்தார். வெறும் தரையில் உட்காரக் கூடாது என்று எத்தனை தடவை சொல்வது என்று மாமியாரைக் கடிந்துகொண்டார். பிறகு, முடிச்சோடு போராடிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு மேலாக எட்டி, வரிசையில் இருந்த குச்சிகளை விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். வெள்ளைத் துணியில் வந்து விரல் நின்றது.

"அஞ்சு பத்தாது தம்பி, இன்னொரு குழியும் வெட்டிடுங்க. நேத்து உங்க மாமியார் வயித்துல குழல் வச்சுக் கேட்டேன், ரெண்டு துடிப்பு கேக்குது."