அரை விரற்கடைக் கோணல்

மரியாதைக்குரிய மூத்த நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தையல் மிஷினும் நலம். அங்கே உங்கள் நலமும் உங்கள் நாக்கின் நலமும் அறிய ஆசை. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், பிழை இருந்தால் பொறுக்கவும். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. பிழையைப் பொறுக்கச் சொல்லி உங்களிடம் கேட்கிறேன் பாருங்கள்!

நல்ல சேதி அண்ணி. உங்களை மன்னித்துவிட்டேன். எதற்கு என்பீர்கள். உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், சின்னக் கொழுந்தனார் கல்யாணத்தன்று, நான் பதினாறு நாள் குனிந்து தைத்துக் கொடுத்த பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். "இடது கை அரை விரற்கடை குட்டை! கண்ண மூடிக்கிட்டா தெச்ச?" என்றீர்கள். பதினோரு பேர் சிரித்தார்கள். அதில் நான்கு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்களை அப்போதே மன்னித்தாயிற்று. சாயங்காலம் ரவிக்கையை மாற்றி என் மடியிலேயே போட்டுவிட்டுப் போனீர்கள்.

அன்றைக்குப் பிடித்த பேய்தான். எதைத் தைத்தாலும் அரை விரற்கடை கோணலாகத் தெரியும். பிரிப்பேன், தைப்பேன், மறுபடி பிரிப்பேன். ஜன்னல் திரை ஊசிக்குத்து வாங்கிச் சல்லடையானது. மகனுடைய கால்சட்டையில் இரண்டு காலும் சமமாக வந்த நாளில் அவனுக்கு மீசை முளைத்திருந்தது.

இந்த வருஷம் பேத்தி கைக்குழந்தையோடு வந்து தங்கினாளல்லவா, "பாட்டி, வீட்ல எல்லாரோட பழைய துணியும் சேத்து பாப்பாவுக்கு ஒரு ஒட்டுப் போர்வை தெச்சுக் குடுங்க. அவ்ளோ தூரம் போறா, நம்ம எல்லாரையும் போத்திக்கிட்டுப் போகட்டும்" என்றாள். முப்பத்தாறு சதுரம். உங்கள் தம்பி சட்டை, மகளின் பள்ளிக்கூடப் பாவாடை, உங்கள் பச்சை ரவிக்கையின் முதுகுகூட உண்டு. பாப்பா கவிழ்ந்தாள், உட்கார்ந்தாள், தவழ்ந்தாள். போர்வை மட்டும் பிரிந்தே கிடந்தது. வெள்ளிக்கிழமை விமானம். புதன்கிழமை பேத்தி, தையல் பிரிக்கும் கொக்கியை என் கையிலிருந்து பிடுங்கி எங்கேயோ ஒளித்துவிட்டாள். "கோணலா இருந்தாலும் குடுங்க பாட்டி. நேரா வரட்டும்னா அவ கல்யாணத்துக்குத்தான் வரும்!"

வியாழக்கிழமை மத்தியானம் கடைசி ஓரத்தைத் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருக்கிறேன், வாசல் மணி அடிக்கிறது, விருட்டென்று எழுந்தேன், போர்வையும் என்னோடு எழுந்தது அண்ணி! என் நைட்டியின் முழங்கால் பக்கத்தையும் போர்வையையும் சேர்த்து ஒரு சாண் அடித்து வைத்திருக்கிறேன்! போர்வை இழுத்த இழுப்பில் குண்டூசி டப்பா கொட்ட, கத்திரிக்கோல் பறக்க, நூல்கண்டு எனக்கு முன்னால் வாசலுக்கு உருள, பின்னாலேயே நான் போய்க் கதவைத் திறந்தால் தபால்காரர். மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா இது?" "புது மாடல்ப்பா, போர்வையோடயே வருது" என்றேன். பேத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்துப் பாப்பா சிரித்தாள் பாருங்கள், வீடே அதிர்ந்தது.

"கொக்கிய எடுடி, பிரிக்கணும்." "ஒண்ணப் பிரிக்க விட்டா முப்பத்தாறையும் பிரிப்பீங்க" என்று அவளே கத்திரிக்கோலால் நைட்டியை வெட்டினாள். முழங்காலில் எனக்கொரு ஜன்னல். போர்வைக்கு முப்பத்தேழாவதாக ஒரு துண்டு. சதுரமில்லை, வட்டமில்லை, என்னவென்றே சொல்ல முடியாது. பிரிக்கக் கை துடித்தது. அதற்குள் பாப்பா தவழ்ந்து வந்து, நேராக இருந்த துண்டையெல்லாம் விட்டுவிட்டு, வெளுத்து மெத்தென்றிருந்த அந்த நைட்டித் துண்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள். அவ்வளவுதான், என் பேய் இறங்கிவிட்டது. இஞ்ச் டேப்பையும் பாப்பாவுக்கே விளையாடக் கொடுத்தனுப்பிவிட்டேன். நேற்று எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு தலையணை உறை தைத்தேன், மூன்று மூலைதான் வந்தது. அவர் தலைக்கு அது போதும்.

ஆகையால் இனி அளப்பதில்லை, பிரிப்பதில்லை, மனசில் வைப்பதுமில்லை. அண்ணனுக்கு என் வணக்கம். உங்கள் பேரப்பிள்ளைகள் உயரமாக வளர்ந்து நூறு வருஷம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கோணலை மறந்துவிட்ட
உங்கள் தம்பி பெண்டாட்டி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டுமுன் சும்மா பழைய துணிப் பெட்டியைத் திறந்தேன். ரவிக்கையின் முதுகைத்தான் வெட்டினேன், கை இரண்டும் அப்படியே இருக்கின்றன. டேப் இல்லாததால் பேத்தியின் பழைய ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். இரண்டு கையும் நூல் பிசகாமல் சமம்! கல்யாண ஆல்பத்தையும் எடுத்து, ஒன்பதாம் பக்கத்தில் உங்கள் படத்தின் மேல் ஸ்கேலை வைத்தேன். உங்கள் இடது தோள்தான் அண்ணி தூக்கல், சரியாக அரை விரற்கடை. மேலே மன்னித்துவிட்டேன் என்று எழுதிய வரியை மட்டும் பிரித்துவிட்டுப் படிக்கவும்.