வேலாயுதம் வெட்டிய குளம்

இரண்டாவது அடியிலேயே தண்ணீர் வந்துவிட்டது.

வேலாயுதம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழிக்குள் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கமுதிப் பக்கத்துக்காரர். அங்கே அறுபது அடி தோண்டினால் பாறை வரும். பாறையை உடைத்தால் இன்னொரு பாறை வரும். இங்கே கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், குடியிருக்கும் வீட்டின் கொல்லையில், முழங்காலளவு தோண்டுவதற்குள் தண்ணீர் தானாக வந்து காலை நனைக்கிறது.

"சௌந்தரம்! இங்க ஓடியா. தண்ணி!"

அவர் மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "தண்ணிதான். சேறும்தான். புதன்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன். அதுவரைக்கும் மண்ணுல கை வைக்கக் கூடாதுன்னு சான்யால் பாபு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல?"

"அஞ்சாறு நாளைக்கு முன்னாடி வெட்டினா என்ன, குடியா முழுகிப்போகும்?"

பதினாறு வருஷக் கல்கத்தா வாழ்க்கையில் ஆறு வாடகை வீடு பார்த்தவள் சௌந்தரம். ஆறு தடவை பாத்திரங்களைச் சாக்கில் கட்டியிருக்கிறாள். இந்த ஏழாவது வீட்டை, ஷியாம்பஜாரில் இருக்கும் சொந்தக்காரர் சான்யால் பாபு, தாமாகவே முன்வந்து, "உங்களுக்கே கொடுத்துடறேன்" என்று சொன்ன நாளிலிருந்து அவள் சுவரைக்கூடத் தடவித் தடவித்தான் நடந்தாள். சான்யால் பாபு போட்டது ஒரே ஒரு நிபந்தனை. பத்திரம் பதிவாகும்வரை ஒரு செங்கல்லை அசைக்கக் கூடாது, கொல்லையில் ஒரு பிடி மண் எடுக்கக் கூடாது. மீறினால் பேச்சு வார்த்தையே கிடையாது. வாங்குவதற்கு வேறு ஆள் இருக்கிறது.

ஆனால் மீன் புதன்கிழமை வரை காத்திருக்காதே!

வேலாயுதத்துக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். போன வாரம் ஒரு ஃபைலில் கையெழுத்து வாங்க, அலிப்பூரில் ஜப்பான் கப்பல் கம்பெனிக்காரர் ஒருவரின் பங்களாவுக்குப் போயிருந்தார். தோட்டத்தில் ஒரு சின்னக் குளம். அதற்குள் முழ நீள மீன்கள். ஒன்று வெள்ளை உடம்பில் குங்குமத்தைக் கொட்டியது போல இருந்தது. இன்னொன்று முழுக்கத் தங்கம். ஜப்பான்காரர் கையைத் தட்டியதும் எல்லாம் கரைக்கு வந்து வாயைத் திறந்தன. கோய் என்று பெயர் சொன்னார். வேலாயுதம் கையெழுத்து வாங்க மறந்து அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீருக்குள் இப்படி ஒன்றைக் கடவுள் படைத்து வைத்திருப்பது நாற்பத்தெட்டு வயது வரை தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவருக்குக் கண் கலங்கியது.

அதைப் பார்த்த ஜப்பான்காரரும் கலங்கிவிட்டார். "நான் திங்கட்கிழமை ஊருக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தோடு வாருங்கள். இரண்டு குட்டி தருகிறேன்" என்று சொல்லி, குளம் கட்டும் முறை அச்சடித்த ஒரு தாளையும் கொடுத்தார். தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. வேலாயுதம் படத்தை வைத்துப் புரிந்துகொண்டார். அவர் புரிந்துகொண்டது இதுதான்: ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கீழே ஒழுகிப் போகக் கூடாது. கமுதிக்காரருக்கு வேறு எதுவும் புரிந்திருக்க நியாயமில்லை.

கிடங்கில் வேலை பார்க்கும் நண்பர் முகமது இஸ்மாயில் வழி சொன்னார். "ஏதோ கப்பல்ல இருந்து கழிச்சுப்போட்ட இரும்புத் தண்ணித் தொட்டி ஒண்ணு ஏலத்துக்கு வந்து, சீந்த ஆளில்லாமக் கிடக்கு. எட்டடிக்கு அஞ்சடி. மேல் மூடி இல்ல. குழியில இறக்கிட்டா வேலை முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை தொட்டி கைவண்டியில் வந்தது. வேலாயுதம் உள்ளும் புறமும் மூன்று தடவை தார் பூசினார். கயிறு கட்டி நாலு பேர் சேர்ந்து குழியில் இறக்கினார்கள். இறங்கும்போது அடியில் இருந்த தண்ணீர் சளசளவென்று விலகி வழிவிட்டது. "பாத்தியா, என்ன மரியாதை!" என்றார் வேலாயுதம்.

தார் காய்வதற்காகத் தொட்டியைக் காலியாக விட்டுவிட்டுப் படுத்தார். ராத்திரி நல்ல மழை.

சனிக்கிழமை காலையில் மகள் ஷியாமளாவின் குரல்தான் அவரை எழுப்பியது. "ஓ மா கோ! அப்பா, தொட்டி வெளிய வந்துருச்சு!"

ஓடிப் போய்ப் பார்த்தார். தரைமட்டத்துக்கு இறக்கிய தொட்டி இடுப்புயரத்துக்கு எழுந்து நின்றது. விரலால் தொட்டார். கறுப்புத் தொட்டி சாவகாசமாக ஆடிக்கொண்டே ஒரு சாண் நகர்ந்தது. வேலாயுதத்துக்கு உடம்பு சிலிர்த்தது. நாலு ஆள் திணறி இறக்கிய இரும்பை, சத்தமில்லாமல் ஒரே ராத்திரியில் தூக்கி வைத்திருக்கிறதே இந்தத் தண்ணீர்!

"பதினாறு வருஷமா துறைமுகத்துல குப்பை கொட்டுறீங்களே," என்றாள் சௌந்தரம். "இரும்பு மிதக்கும்னு உங்களுக்கு ஒருத்தரும் சொல்லலையா?"

"அடியே, அது கப்பல். இது தொட்டி."

"தொட்டிக்கு அது தெரியலையே!"

தண்ணீரை ஊற்றி அமுக்கலாம் என்றால் தார் இன்னும் காயவில்லை. ஆகவே ஒரு மூலையில் செங்கல் அடுக்கினார். தொட்டி அந்தப் பக்கம் சாய்ந்து கரையில் மோதியது. கரை பெயர்ந்து விழுந்தது. பெயர்ந்த இடத்தை ஒழுங்காகச் செதுக்கினார். குழி இரண்டடி அகலமாயிற்று. மறுபக்கம் செங்கல் வைத்துச் சமன் செய்யப் பார்த்தார். அந்தக் கரையும் விழுந்தது. இஸ்மாயில் ஒரு கைப் பம்பு கொண்டுவந்தார். இருவரும் மாறி மாறி இரண்டு மணி நேரம் இறைத்தார்கள். சந்து முழுக்க வெள்ளம். குழியில் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை.

இஸ்மாயில் பம்பை நிறுத்திவிட்டு நெற்றியைத் துடைத்தார். "வேலாயுதம், நானும் கடற்கரைக்காரன்தான். ஆனா இப்படி ஒரு ஊத்து நான் பார்த்ததே இல்ல."

"இறைக்க இறைக்க ஊறுது இஸ்மாயில்! இது என்ன சாதாரண மண்ணா?" என்றார் வேலாயுதம். கை கொப்பளித்திருந்தது. முகம் மட்டும் கோயில் கர்ப்பகிரகத்துக்கு முன்னால் நிற்பவர் போல இருந்தது.

சாயங்காலத்துக்குள் குழி ஓர் அறையளவுக்கு வந்துவிட்டது. துணி உலர்த்தும் கொடியின் கம்பம் ஒன்று உள்ளே போயிருந்தது. சௌந்தரம் சாக்குகளை எடுத்து எண்ண ஆரம்பித்தாள். எட்டாவது வீடு தேட வேண்டியதுதான் என்று அவள் முடிவு கட்டிவிட்டது தெரிந்தது. வேலாயுதம் அப்போதுதான் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அலிப்பூர் போய், மூடி போட்ட அலுமினிய அண்டாவில் இரண்டு குட்டி மீன்களோடு திரும்பினார். அண்டாவைக் கூடத்தில் இறக்கவில்லை, அதற்குள் வாசலில் ரிக்‌ஷா மணி கேட்டது.

"அப்பா! சான்யால் ஜேட்டு!" என்று கத்தினாள் ஷியாமளா. வங்காளத்தில் ஜேட்டு என்றால் பெரியப்பா.

வேட்டி, ஜிப்பா, நீளக் குடையோடு சான்யால் பாபு நேராக உள்ளே வந்தார். "பத்திரத்துக்கு நாலு எல்லையும் அளக்கணும். கொல்லையைப் பார்க்கலாமா?"

"காபி சாப்பிட்டுட்டு…" என்றார் வேலாயுதம்.

"அங்கேயே சாப்பிடலாம்."

வேலாயுதம் முந்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். விடியற்கால மழையில் கொல்லை முழுக்கக் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. எது தரை, எது குழி என்று தெரியவில்லை. பகவானே, நல்லதாகப் போயிற்று! இரண்டு பலகையை எடுத்துத் தொட்டிமேல் போட்டு, அதன்மேல் கோரைப்பாயை விரித்து மறைத்தார். பார்த்தால் ஏதோ மேடை மாதிரி இருந்தது.

"எவ்வளவு மழைத் தண்ணி, பார்த்தீங்களா சார்," என்று படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார்.

கொல்லையில் நனையாமல் இருந்த ஒரே இடம் அந்தப் பாய். சான்யால் பாபு பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியிலிருந்து ஒரே எட்டில் பாய்மேல் ஏறி, சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்த சௌந்தரம் காபி டம்ளரை எட்டி அவர் கையில் கொடுத்தாள்.

சான்யால் பாபு ஒரு வாய் குடித்தார். படிக்கட்டு மெதுவாக அவரைவிட்டு விலகியது.

"வேலாயுதம் பாபு, நான் நகருகிறேனா?"

"இல்ல சார்… கொஞ்சம்."

டம்ளரும் கையுமாகச் சான்யால் பாபு கொல்லையின் நடுவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வீட்டைப் பார்த்தபடி மிதந்தார். காபி ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த நிலையிலும் வேலாயுதம் அதைக் கவனித்து வியந்தார்.

சான்யால் பாபு டம்ளரை வைத்துவிட்டுக் குடையைத் தண்ணீருக்குள் விட்டார். குடை போய்க்கொண்டே இருந்தது. பிடி முழுகி, மணிக்கட்டும் நனைந்த பிறகு கையை எடுத்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"எவ்வளவு தோண்டினீங்க?"

"மூணு அடிதான் சார்! இன்னிக்கே மூடிடறேன். ஆசைப்பட்டுட்டேன் சார், மீன் வளர்க்கணும்னு. என் பெண்சாதிக்கு இந்த வீடுன்னா உசுரு. தப்பு என்னோடது. அவளுக்காக மன்னிச்சுடுங்க."

"வேண்டாம், வேண்டாம், மூடவேண்டாம்! அது… அது இருந்துட்டுப் போகட்டும்." சுற்றுமுற்றும் பார்த்தார். "இதை அக்கம்பக்கத்துல யாருக்காவது காட்டினீங்களா?"

"இல்ல சார்."

"காட்டவேண்டாம். ஏன் புதன்கிழமை? நாளைக்குக் காலையிலேயே ரிஜிஸ்டர் பண்ணிடலாம். உங்களை மாதிரி ரசனையுள்ள மனுஷர் கையிலதான் இந்த வீடு சேரணும்."

கயிறு போட்டு அவரைக் கரைசேர்த்தார்கள். எல்லைகூட அளக்காமல் அவர் ரிக்‌ஷா ஏறினார். வேலாயுதம் வாசலிலேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வங்காளிக்கு உள்ள மனசு வேற யாருக்கு வரும், சொல்லு? ஒரு கலைப்பொருளைக் கண்டதும் நிபந்தனையெல்லாம் பறந்துபோச்சு பாரு!"

சௌந்தரம் சாக்குகளை மடித்துப் பரணில் போட்டாள்.

திங்கட்கிழமை பத்திரம் பதிவாயிற்று. கையெழுத்துப் போட்டு முடித்ததும் சான்யால் பாபு வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு, வெகுநேரம் விடவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் மழை வெறித்து, சேறு அடங்கி, தண்ணீர் பச்சைக் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. தொட்டியைக் கரையில் கவிழ்த்துப் போட்டார்கள். இப்பேர்ப்பட்ட தண்ணீருக்குத் தொட்டி எதற்கு? வேலாயுதம் அண்டாவைச் சாய்த்தார். வெள்ளையும் சிவப்புமாக ஒன்று, தங்கமாக ஒன்று, ஒரு கணம் நின்று, பிறகு வாலை வீசி உள்ளே போயின. பச்சைக்குள் அந்தச் சிவப்பு ஆழத்தில் மங்கி மறைந்து, வேறிடத்தில் மறுபடி பூத்தது. சௌந்தரம் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"நம்ம வீடுங்க," என்றாள் கடைசியில்.

அந்த நேரத்தில் வாசலில், "மாச்! மாச் நேபேன்!" என்று சத்தம். தினமும் மீன் கொண்டுவரும் கிழவர் ஹரிபதா. முன்வாசலோடு போகிறவர், கொல்லைக்கு வந்ததில்லை. மீனைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும் என்று ஷியாமளா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஹரிபதா தலைச்சுமையை இறக்கினார். ஜப்பான் மீனை அவர் பார்க்கவேயில்லை. தண்ணீரையே பார்த்தார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளி நெற்றியில் தெளித்துக்கொண்டார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"எத்தனை வருஷமாச்சு! இந்தக் குளத்துலதான் பாபு, நான் வலைவீசக் கத்துக்கிட்டேன்."

"எந்தக் குளத்துல?" என்றார் வேலாயுதம். "இது என் கையால, போன வாரம் நான் வெட்டின குளம், தாதா!"

ஹரிபதா அவரை அன்போடு பார்த்துச் சிரித்தார்.

"நீங்க வெட்டினது ஓரம், பாபு. சான்யால் பாபுவோட அப்பா நிலக்கரிச் சாம்பலைக் கொட்டி மூடினாரே, அந்த ஆழமான இடமெல்லாம் உங்க சமையல்கட்டுக்குக் கீழே இருக்கு!"