வெந்நீர் பிளாஸ்க்கும் வித்துவான் பார்த்திபனும்

பார்த்திபன் பாட்டு கற்றுக்கொள்ளப் போனது பாடத் தெரியாமல் அல்ல. தனக்குப் பாட வரும் என்பதை ஒருத்தராவது ஒத்துக்கொள்ள வேண்டுமே, அதற்காக. கும்மிடிப்பூண்டியில் அவர் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு மேடை போடுவார்கள். குடும்பத்துக்கு ஒரு பாட்டு. இந்த வருஷம் கலக்கப்போவது நான்தான் என்று கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

கவரைப்பேட்டையில் மெர்சி டீச்சர் வீட்டில், சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் தனி வகுப்பு. டீச்சர் சொல்லித் தருவார், வரதன் கீபோர்டு வாசிப்பார். மனைவி ஜோதிலட்சுமி, ஐயாவின் தொண்டைக்கு வெந்நீர் பிளாஸ்க்கோடு மூலையில் உட்கார்ந்திருப்பாள்.

மூன்றே வாரத்தில் மனுஷனுக்கு வெறுத்துப்போனது. டீச்சர் வரிக்கு வரி நிறுத்தி, சுருதி சேரவில்லை, மறுபடி என்கிறார். வரதனோ இவர் இழுத்த இழுப்புக்கு வராமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். காசும் கொடுத்துத் திட்டும் வாங்க இவருக்கென்ன தலையெழுத்தா? ஆனால் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. ஷிப்டில் அறுபது பேரை விரட்டுகிற சூப்பர்வைசருக்கு, டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாலே 'சரிங்க டீச்சர்' மட்டும்தான் வாயில் வரும்.

"நீ போய் சொல்லு. தனி கிளாஸுன்னா பாராட்டணும். பக்கவாத்தியம்னா பின்னால வரணும். இந்தத் திட்ற வேலலாம் வேணாம்."

ஜோதிலட்சுமியும் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அடுத்த வாரமே அதிசயம். எதைப் பாடினாலும் டீச்சர் பிரமாதம் என்றார். வரதன் இவர் ஏறினால் ஏறி, தடுக்கினால் தடுக்கிக் கூடவே வந்தார். வகுப்பும் அரை மணியில் முடிந்தது. இவ்வளவு நன்றாகப் பாடுகிறவருக்கு இதற்குமேல் என்ன சொல்லித் தருவது என்று ஜோதிலட்சுமி விளக்கினாள். தான் டீச்சரோடு கொஞ்சம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி, அவரை ஸ்டேஷன் டீக்கடைக்கு அனுப்பிவைத்தாள். வாரா வாரம் இதே கதை. அவரும் அங்கே தன் பெருமையைப் பேசிக்கொண்டே ரெண்டு டீ குடிப்பார்.

கம்பெனியில் பாட்டைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னார்கள். அதை டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றாள் ஜோதிலட்சுமி. பூஜைக்கு முந்தின நாள் கேன்டீனில் பட்டியல் ஒட்டினார்கள். பார்த்திபன் குடும்பம், பாடுபவர் ஜோதிலட்சுமி.

கேன்டீனே பார்த்துச் சிரித்தது. மானம் போன மனுஷன் வீட்டுக்கு வந்து குதி குதியென்று குதித்தார். அவள் நிதானமாகப் புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குத் திட்டு வேணாம்னீங்க. மிச்ச அரை மணி அத நான் வாங்கிக்கினேன். டீச்சர் ரெண்டு பேர் பாட்டையும்தான் அனுப்பினாங்க. கம்பெனில ஒண்ண எடுத்துக்கினாங்க. நான் இன்னா பண்றது?"

"அப்போ நானு?" அவர் குரல் முதல் தடவையாகக் கீழே இறங்கியிருந்தது.

"பக்கவாத்தியம்னா பின்னால வரணும்னீங்க இல்ல, வாங்க. பிளாஸ்க்ல வெந்நி ரொப்பித் தர்றேன், தூக்கிக்கினு வந்தா போதும்."