மிதித்தால் மரக் கிட்டார்

கிட்டாரின் கழுத்து கையோடு வந்துவிட்டது.

நவரட்ணராஜா இடது கையில் கழுத்தையும் மடியில் உடம்பையும் வைத்துக்கொண்டு கட்டிலில் அப்படியே உறைந்துபோய் இருந்தார். இரண்டையும் விட்டுப் பிரிய மனமில்லாத ஆறு தந்திகள் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன. சுருதி சேர்க்கலாமென்று ஒரேயொரு முறுக்குத்தான் திருகினார். 'க்ரக்' என்றது. அவ்வளவுதான்.

வேறு கிட்டாராக இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். இது மாமனாருடையது. ஓய்வுபெற்ற தபாலதிபர் சுந்தரலிங்கம் யுத்தத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது, நகைப்பெட்டியை மனைவியின் மடியிலும் கிட்டாரைத் தன் மடியிலும் வைத்துப் படகில் கிளாலிக் கடலைக் கடந்தவர். "மேலால ஹெலி சுத்தினது. கிட்டாருக்கு ஒரு கீறல் விழேல்லை" என்று சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார். கலியாணத்தன்று அதை மருமகன் கையில் கொடுத்து, "மகள் தன்னைத் தானே பாத்துக்கொள்ளுவாள். இதைத்தான் நீர் கவனமாப் பாக்கவேணும்" என்றார்.

அந்த மகள் பத்மாதேவி தாதி. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து சில மாதங்களுக்கு வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே தகப்பன் வீட்டில்தான் தங்கியிருந்தாள். பஸ் ஏறும்போது அவள் கடைசியாகச் சொன்னதும் கிட்டாரைப் பற்றித்தான்.

"இஞ்சேருங்கோ, நான் வரும்வரைக்கும் அதைத் தொடாதேங்கோ. மழைக்காலம். மரம் ஈரத்தில ஊதியிருக்கும்."

நவரட்ணராஜாவும் தொடாமல்தான் இருந்தார். ஆனால் கண்டி மஹய்யாவ மழை, தனிச் சமையல், கந்தோர் விடுமுறை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அந்தச் சனிக்கிழமை அவரால் முடியவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினார். இறக்கியதன் பலன் இப்போது இரண்டு துண்டாக இருந்தது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு வடிவம்மா. நகரசபையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மேல்வீட்டில் ஊசி விழுந்தாலும் அவருக்குக் கேட்கும்.

"தம்பி, என்னமோ முறிஞ்ச மாதிரி சத்தம் கேட்டுச்சுங்களே?"

"கதிரைக் கால், அக்கா."

வடிவம்மா எட்டிப் பார்த்தார். கதிரையைப் பார்க்கவில்லை. அலுமாரிக்கு மேலே பார்த்தார்.

"கிட்டாரு நல்லா இருக்குங்களா?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"அப்பாடா" என்று மார்பில் கை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார் வடிவம்மா.

இந்த மனுசி ஏன் கிட்டாரை விசாரிக்கவேண்டும்? பத்மா போகும்போது இவரைக் காவலுக்கு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்!

மறுநாள் பின்னேரம் வவுனியாவிலிருந்து தொலைபேசி வந்தது. பத்மா கதைத்து முடிக்குமுன் மாமனார் வாங்கிவிட்டார்.

"தம்பி, என்ரை கிட்டார் சத்தத்தை ஒருக்காக் கேக்கவேணும் போல கிடக்கு. ஒரு பைலாப் பாட்டு அடியும் பாப்பம்."

"அப்பா, அவருக்கு வேலை கிடக்கும். ஏன் கரைச்சல் படுத்துறியள்?" என்று பத்மா பின்னாலிருந்து சொல்வது கேட்டது. நல்ல மனைவி என்று நினைத்துக்கொண்டார் நவரட்ணராஜா.

"தந்தி ஒண்டு அறுந்துபோச்சு மாமா. வாற ஞாயிறு கட்டாயம் வாசிக்கிறன்."

தொலைபேசியை வைத்ததும் அக்குறணைக்கு ஓடினார். அங்கே ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த ஹலீம், கல்யாண வீடுகளில் மின்சாரக் கிட்டார் அடிப்பவன். கழுத்துப் போன கதையைக் கேட்டு முதலில் வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நவம், என்ட கிட்டார எடு. அத வாசி."

"அது கரண்ட் கிட்டார். தகரம் தட்டின மாதிரிக் கேக்கும். மாமா ஒரு நிமிசத்தில கண்டுபிடிச்சிடுவார்."

ஹலீம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தான். அதில் இரண்டு இரும்புப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் பூட்டியிருந்தன. ஒவ்வொன்றும் சவர்க்காரக் கட்டி அளவு. வயரைக் கிட்டாரில் சொருகி, தந்தியை ஒருமுறை வருடினான். தகரம்தான். இடது பெட்டியைக் காலால் மிதித்துவிட்டு மறுபடி வருடினான்.

நவரட்ணராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். கடைக்குள் எங்கோ ஒரு மரக் கிட்டார் இருந்தது. வெறும் பலகை போலிருந்த அந்தக் கிட்டாருக்கு ஒரு வயிறும், வயிற்றில் ஒரு ஓட்டையும், ஓட்டைக்குள் காற்றும் வந்துவிட்டன.

"அக்கூஸ்டிக் சிமியுலேட்டர்" என்றான் ஹலீம். "மிதிச்சா மரம். மிதிக்காட்டி தகரம்."

"மற்றப் பெட்டி?"

"அது வெறி புடிச்ச சத்தம். பொடியன்மார் கேக்குற பாட்டுக்கு. அதுல கால வெச்சிராத."

பலகையை நவரட்ணராஜா கையில் தூக்கினார். ஹலீம் பறித்துக்கொண்டான்.

"செக் பொயின்ட்ட மறந்துட்டியா? வயரும் சிவப்பு லைட்டுமாப் பெட்டி. நீ கொண்டுபோனா குண்டு. நான் கொண்டுபோனா பாட்டு. கிட்டாரையும் ஸ்பீக்கரையும் சேத்து நானே கொண்டு வாறேன்."

அப்படியே ஆனது. கட்டுகஸ்தோட்டையில் மறித்த சிப்பாய், ஹலீம் வாயாலேயே தாளம் போட்டு ஒரு பைலாவைப் பாடிக் காட்டியதும் சிரித்துக்கொண்டு கையசைத்துப் போகவிட்டான். கிட்டாரில்லாத பக்கத்து ஆசனத்துக்காரர் நவரட்ணராஜாவின் பையைத்தான் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிறு வந்தது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு தலையணையில் தொலைபேசியைக் கிடத்திவிட்டு, இடது பெட்டியை மிதித்து, தனக்குத் தெரிந்த பைலாவை வாசித்தார் நவரட்ணராஜா. முடித்துவிட்டுக் காதில் வைத்தால் ஒரே கைதட்டல்.

"தம்பி! கோல் எடுக்கிற கொமினிகேசன் கடையில எல்லாருக்கும் கேக்கப் போட்டிருக்கு! அதே சத்தம்! என்ரை கிட்டாரின்ரை அதே சத்தம்!" மாமனார் கூவினார். "பத்தாயிரம் கிட்டாருக்குள்ளயும் நான் கண்டுபிடிப்பன்!"

பிறகு பத்மா வாங்கினாள்.

"உண்மையா அந்தக் கிட்டாரிலதானோ வாசிச்சனீங்கள்?"

"வேற எதில?"

"எல்லாம் சரியாத்தான் இருக்கோ? கழுத்துப் பக்கம் ஒண்டும் ஆடேல்லையே?"

நவரட்ணராஜாவின் கையில் தொலைபேசி வழுக்கியது. கழுத்து! வவுனியாவில் இருப்பவளுக்குக் கழுத்தைப் பற்றி எப்படித் தெரியும்?

"ஆடவோ? இரும்பு மாதிரி இருக்கு. முந்தியைவிட உறுதி!"

மறுமுனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. அவள் நம்பவில்லை என்று அதற்குப் பொருள் கொண்டார் நவரட்ணராஜா.

உளவு சொல்பவர் வடிவம்மா என்பதில் இனிச் சந்தேகமில்லை. வாயை அடைக்கவேண்டும். டவுனில் ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வடிவம்மா பெட்டியைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்.

"எனக்கு எதுக்குங்க தம்பி இதெல்லாம்?"

"சும்மாதான் அக்கா. நீங்கள் எல்லாம் தெரிஞ்ச ஆள்."

"சத்தியமா நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க தம்பி!"

தெரிந்துதான் வைத்திருக்கிறார்! நவரட்ணராஜா வியர்த்து ஒழுகப் படியேறினார்.

அடுத்த ஞாயிறு கொமினிகேசன் கடையில் கூட்டம் கூடிவிட்டதாக மாமனார் அறிவித்தார். தேத்தண்ணிக் கடைக்காரர் சனம் இருக்க நீள வாங்குகள் கொண்டுவந்து போட்டிருந்தாராம். பெருமையில் நவரட்ணராஜா நின்றுகொண்டே வாசிக்கத் துணிந்தார். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, குனிந்து பார்க்க முடியாமல், காலால் துழாவி ஒரு பெட்டியை ஓங்கி மிதித்தார். தந்தியில் கையைப் போட்டார்.

வலது பெட்டி.

சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஆடியது. தெருவில் நாய்கள் குரைத்தன. தொலைபேசியில் வாங்குகள் சரியும் சத்தமும், "படுங்கோ! எல்லாரும் நிலத்தில படுங்கோ!" என்ற கூச்சலும் கேட்டன.

"மாமா! மாமா! ஒண்டுமில்லை மாமா, இடி! கண்டியில இடி!"

வெகுநேரம் கழித்து மாமனார் மூச்சு வாங்க வந்தார்.

"ஷெல் விழுந்திட்டுது எண்டல்லோ நினைச்சம் தம்பி. தேத்தண்ணிக் கடைக்காரர் வாங்குக்குக் கீழ இன்னும் படுத்துக் கிடக்கிறார், வெளியில வரமாட்டாராம்." பின்னால் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. "அப்பிடி இடிக்குதெண்டா என்ரை கிட்டார் அங்க பயந்துபோயிருக்கும். வவுனியாவை விட்டு வெளிக்கிட எனக்குப் பாஸும் கிடைச்சிட்டுது. மகளோட நானும் வாறன். ஒருக்கா மடியில வைச்சுப் பாக்கவேணும்."

அவர்கள் வரவிருந்த சனிக்கிழமை காலையிலேயே ஹலீம் வந்துவிட்டான். உடைந்த கழுத்தைப் பசை போட்டு நிறுத்தினார்கள். பார்ப்பதற்கு முழுக் கிட்டார், தொட்டால் இரண்டு. ஸ்பீக்கரைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, வயரைப் பாய்க்கு அடியால் கொண்டுபோய், ஹலீமையும் அவனுடைய கிட்டாரையும் பெடல் பலகையையும் குசினித் திரைக்குப் பின்னால் இருத்தினார் நவரட்ணராஜா.

"நான் வாசிக்கிற மாதிரிப் பாசாங்கு செய்வன். இருமினா நீ தொடங்கு. திரும்ப இருமினா நிப்பாட்டு. மாமா கையில கிட்டார் போகவே கூடாது."

"இடது பெட்டியத்தானே மிதிக்கணும்?" என்றான் ஹலீம் சிரித்துக்கொண்டே.

அவர்கள் வந்திறங்கினார்கள். மாமனார் செருப்பைக் கழற்றுமுன்னே கையை நீட்டினார்.

"எங்கை கிட்டார்?"

"அப்பா, முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்று பத்மா குறுக்கே வந்தாள். "முகம் கழுவுங்கோ. கொஞ்சம் படுத்து எழும்புங்கோ. நாளைக்குப் பாக்கலாமே?"

நவரட்ணராஜாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. "ஓம் மாமா, நாளைக்கு!" என்று அவரும் குறுக்கே நின்றார்.

கிளாலியைக் கடந்த மனிதரை இரண்டு பேரால் மறிக்க முடியுமா? மாமனார் இருவருக்கும் நடுவால் புகுந்து போய், கிட்டாரைக் குழந்தையைப் போல் அள்ளித் தூக்கி, கதிரையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொண்டார். தந்தியைத் தொடவில்லை. கண்ணை மூடி, அதன் வயிற்றைத் தடவினார். வவுனியா வெயிலில் இருந்து வந்தவருக்குக் கண்டிக் குளிர் தொண்டையைப் பிடித்தது.

இருமினார்.

பைலா தொடங்கியது.

மாமனார் கண்ணைத் திறந்தார். ஒரு கை கிட்டாரின் வயிற்றில் இருந்தது. மறு கையில் பத்மா அப்போதுதான் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. கிட்டார் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். பாட்டு இன்னும் விறுவிறுப்பானது.

"முருகா!" என்றவர் பதறிப்போய் மறுபடி இருமினார்.

பாட்டு நின்றது.

மாமனார் கிட்டாரை உற்றுப் பார்த்தார். பிறகு, பரிசோதித்துப் பார்ப்பவர்போல், வேண்டுமென்றே லேசாக ஒரு இருமல் இருமினார்.

பைலா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அவர் எழுந்தார். கிட்டாரைக் கழுத்தில் பிடித்துத்தான் எழுந்தார். கழுத்து அவரோடு வந்தது. உடம்பு பாயில் விழுந்து உருண்டு கட்டிலில் முட்டி நின்றது. பாட்டு மட்டும் ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஹலீம்! நிப்பாட்டு!" என்று கத்தினார் நவரட்ணராஜா.

திரை விலகியது. கழுத்தில் கிட்டார் தொங்க ஹலீம் எட்டிப் பார்த்து, "ஸலாம் மாமா" என்றான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? நவரட்ணராஜா மாமனாருக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றார்.

"மாமா, என்னை மன்னியுங்கோ. நான்தான் உடைச்சனான். பத்மா தொடவேண்டாம் எண்டவள். தொட்டிட்டன். தொலைபேசியில கேட்டதெல்லாம் இந்தப் பொடியன்ரை கிட்டார். அந்தப் பெட்டி அதை மரக் கிட்டார் மாதிரி மாத்தும்."

மாமனார் கையிலிருந்த கழுத்தைப் பார்த்தார். ஹலீமைப் பார்த்தார். குசினிக்குள் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"பத்தாயிரம் கிட்டாருக்குள்ள கண்டுபிடிப்பன் எண்டு சொன்னனான் என்ன?" என்றார் மெல்ல. அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. "கொமினிகேசன் கடையில இதைச் சொல்லிப்போடாதேயும் தம்பி. அங்க எனக்கு இப்ப நல்ல மரியாதை." சிரிப்பு வெடித்தது. ஹலீமும் சேர்ந்து சிரித்தான்.

பத்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். நவரட்ணராஜா பக்கத்தில் போனார்.

"பத்மா, ஏசுறதெண்டா ஏசும். அழாதேயும். ஒரேயொரு முறுக்குத்தான் திருகினனான். அதுக்கே முறியுமெண்டு எனக்கென்ன தெரியும்? எல்லாப் பிழையும் என்னிலதான்."

அவள் முகத்தை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

அப்போது, இரைச்சல் கேட்டு மேலே ஓடிவந்து வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வடிவம்மா, நிலத்தில் கிடந்த கிட்டாரைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பல்லிக்குப் பயந்து நீ இது மேல தொப்புனு உட்கார்ந்த அன்னைக்கே, நாம ஒட்டுற பசை தாங்காதுன்னு நான் சொன்னேனா இல்லையா, பத்மா?"