இத்தாலிக்காரியும் சீதாலட்சுமியும்

பழைய சுங்குடிச் சேலையைத் தேடி பீரோவைக் குடைந்து பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு ஆட்டோ பிடித்துத் திருமங்கலம் ரோட்டு மெக்கானிக் ஷெட்டுக்கே போனாள் சீதாலட்சுமி. சேலை அங்கேதான் இருந்தது. அவள் புருஷன் பாலசுந்தரம் அதை நான்காக மடித்து, ஒரு சிவப்புக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேற துணி கெடைக்கலையா உங்களுக்கு?"

"கீறல் விழாத துணி வேணும் சீதா. இத்தாலி வண்டியில்ல?"

முப்பத்துநாலு வருஷம் ஜவுளிக்கடையே கதியென்று கிடந்த மனுஷன். கடையை மகனிடம் விட்டுவிட்டு இனி வீட்டோடு இருப்பார் என்று அவள் ஆசையாகக் காத்திருந்தபோதுதான் இந்தச் சக்களத்தி வந்து சேர்ந்தாள். அறுபதுகளில் ஒரு மில் முதலாளி கப்பலில் இறக்கிய ரேஸ் வண்டியாம். இடதுபக்கம் ஸ்டியரிங், இரண்டே சீட்டு. முதலாளி காலத்துக்குப் பிறகு கைமாறிக் கைமாறி, பேரையூர் சிவனாண்டியின் பருத்திக் குடோனில் கோழிகள் அடைகாக்கக் கிடந்ததை லாரியில் ஏற்றி வந்திருந்தார்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆனால் அவர் குனிந்து, பானெட்டைத் தடவி, சௌராஷ்டிரத்தில் ஏதோ கொஞ்சினார். அவர்கள் வீட்டுப் பாஷை அது. கல்யாணமான புதிதில் அவளிடம் அப்படிக் கொஞ்சியதோடு சரி. சீதாலட்சுமி அவர் கையிலிருந்த சேலையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

ரிப்பேர் வேலையைச் சீக்கிரம் முடித்து, இந்த இத்தாலிக்காரியை எவன் தலையிலாவது கட்டிவிட வேண்டும். கூடவே இருந்து விரட்டினால்தான் நடக்கும் என்று முடிவு செய்தாள்.

மறுநாளிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஃப்ளாஸ்க்கில் காப்பியோடு ஷெட்டுக்கு வந்துவிடுவாள். நாற்காலி கிடையாது. காரிலிருந்து கழற்றிப் பலகைமேல் வைத்திருந்த பக்கத்துச் சீட்டில்தான் உட்காருவாள்.

"என்னதான் பாக்கி, இம்மானுவேல்?"

"கார்புரேட்டர்தான்க்கா. எங்கயும் கெடைக்கல" என்றான் மெக்கானிக்.

அவள் தன் தம்பியை முடுக்கி, கோயம்புத்தூரில் சலித்துத் தேடி வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் ஆக்சிலரேட்டர் கேபிள் போயிருந்தது. கேபிள் வந்தது, வயரிங்கில் கோளாறு. இப்போதெல்லாம் கேட்டால், இம்மானுவேல் பாலசுந்தரத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

கடைசியில் சீதாலட்சுமியே ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் முடுக்கிய போல்ட் மறுநாள் கழன்று கிடந்தது.

"பாத்தீங்களா, இவளுக்கு என்னைக் கண்டாலே ஆகல" என்றாள்.

பாலசுந்தரம் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அப்புறம் அதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

ஆறு மணிக்கு விளக்கேற்ற அவள் கிளம்பினால், "நீ போ, பின்னாலயே வாரேன்" என்பார். வர அரைமணி ஆகும். அந்த அரைமணியில் இத்தாலிக்காரியோடு என்ன கொஞ்சலோ என்று நினைத்து நினைத்தே வீட்டில் பால் இரண்டு தடவை பொங்கி வழிந்தது.

இப்படியே ஒன்பது மாசம் ஓடியது. பாலசுந்தரம் எழுமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று, அவள் காலையிலேயே ஷெட்டில் வந்து நின்றாள்.

"இன்னைக்கு இது ஓடணும், இம்மானுவேல். இல்லைன்னா பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுருவேன்."

இம்மானுவேல் தலையைச் சொறிந்தான். பிறகு ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கவிழ்த்து, அதிலிருந்த நாலு போல்ட்டையும் ஒரு வயரையும் எடுத்து மளமளவென்று மாட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஷெட்டுத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

சீதாலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பத்து நிமிஷ வேலைக்குத்தானா ஒம்பது மாசம்? இவளைப் பிரிய மனசில்லாமத்தான இழுத்தடிச்சிருக்காரு. அந்தச் சீட்டையும் மாட்டுப்பா. இன்னைக்கே வித்துருவோம்."

இம்மானுவேல் சீட்டைத் தொடவில்லை.

"நீங்க கார்புரேட்டர் வாங்கியாந்த அன்னைக்கே வண்டி ஓடிருச்சுக்கா, வேலை முடிஞ்சிட்டா நீங்க காப்பியோட வந்து இந்தச் சீட்டுல உக்காரமாட்டீங்கன்னு, தெனமும் நீங்க கெளம்புனதும் அண்ணன்தான் ஒரு போல்ட்டைக் கழட்டி வச்சிட்டு வாராரு."