பேப்பருக்கு வந்த காய்ச்சல்

என் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியலைப் பார்க்கிறவர்கள் முதல் வரியிலேயே நின்றுவிடுவார்கள். டெங்கு, எலிக்காய்ச்சல் என்று கௌரவமாகப் போகும் பட்டியலின் தலையில், ‘காய்ச்சல் வராதவர்கள் வந்ததாகச் சொல்வது ஏன்?’ என்று ஒரு கட்டுரை. "இந்த யோசனை எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். ஆழ்ந்த சிந்தனையில் வந்தது என்பேன். (பொய். மானம் போனதில் வந்தது.)

அப்போது நான் தொற்றுநோய்கள் பரவும் விதத்தை ஆராயும் ஒரு நிறுவனத்தில் தற்காலிக வேலையில் இருந்தேன். நிரந்தர இடம் ஒன்று காலியானது. போட்டிக்கு வந்தவர்களின் பட்டியல்கள் பக்கம் பக்கமாக நீள, என்னுடையதில் தலைப்பு மட்டும் இருந்தது. கூச்சமே இல்லாமல் விண்ணப்பத்தில் ‘ஒரு கட்டுரை தயாராகிறது’ என்று எழுதிவிட்டேன். இனி அது தயாராக வேண்டியதுதான் பாக்கி!

மாந்தோப்புத் தொழிலாளர்களிடையே என்ன காய்ச்சல் பரவுகிறது என்று வீடு வீடாகக் கேட்பது என் திட்டம். மாந்தோப்புகள் நிறைந்த முதலமடை என்ற ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. அங்கே என் அத்தை வீடு இருந்தது, வேளைக்குச் சோறு கிடைக்கும். என்ன பதிலை எதிர்பார்க்கிறோம் என்பதை ஊர்க்காரர்களிடம் காட்டிக்கொள்ளவே கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. அத்தையிடம் மட்டும், போய் இறங்கியதும், முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னேன்.

"காய்ச்சல் கெடச்சாத்தானுங்கத்தை பேப்பர் வரும். பேப்பர் வந்தாத்தான் வேலை."

"எத்தனை நாள் காய்ச்சல் இருக்கோணும், அம்மிணி?"

"மூணு நாள் இருந்தாப் போதுமுங்க."

ஏன் கேட்கிறார் என்று யோசித்திருக்க வேண்டும். வாயில் முறுக்கு இருந்தது.

மறுநாள் முதல் வீட்டில் கேட்டேன். "காய்ச்சல் வந்துச்சுங்க, மூணு நாளு" என்றார்கள். அடுத்த வீட்டிலும் மூன்று நாள். அதற்கடுத்த வீட்டிலும் மூன்றே நாள். எல்லோருக்கும் முட்டி வலி, ஆனால் ஒருவர்கூட ஒரு நாள் வேலைக்கு லீவு போடவில்லை. இப்படி ஒரு மரியாதை தெரிந்த காய்ச்சல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லையே என்று குடைந்தது. அப்படியானால் புத்தகம்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். ஒரு அம்மா இடுப்பில் இருந்த பிள்ளையைக் காட்டி, "இதுக்கும் சேத்தி எழுதிக்கிறீங்களா?" என்றார். ‘வீட்டுக்குள்ளேயே பரவுகிறது!’ என்று நோட்டில் இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாம் நாள் என் பேராசிரியருக்குப் போன் செய்தேன். குரல் நடுங்கியது, பெருமையில். அடுத்த நாள் காலை அவரும் சுகாதாரத் துறைக்காரர்களும் இரண்டு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நோயாளிகள் எல்லோரும் மரத்தின் மேல் இருந்தார்கள்.

பேராசிரியர் என் நோட்டைப் பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். "பழனிச்சாமி யாருங்க? உங்களுக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்கே?"

கிளையிலிருந்து பதில் வந்தது. "ஆமாங்க. அம்மிணிக்குப் பேப்பரு வரோணும்னு அவங்கத்தை ஊடு ஊடா வந்து சொன்னாங்க. மூணு நாளு பத்தலீங்களா? வேணும்னா இன்னொரு நாள் சேத்திக்குங்க. நம்ம புள்ளதானே!"

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஊசியைச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் வைத்தார். பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன், அதற்கும் மனசில்லை. அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு குண்டான் மோரோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்கத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பின்னே? ஊட்டுக்கு வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்பறதாக்கும்?"

நேர்முகத் தேர்வில் கேட்டார்கள்: "தயாராகிக்கொண்டிருந்த கட்டுரை என்ன ஆயிற்று?" "எல்லோருக்கும் குணமாகிவிட்டது சார்" என்றேன். வேலை வேறொருவருக்குப் போனது. சேதி கேட்டு அத்தை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாமா சொன்னார்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஒரு ஊரே சேர்ந்து ஒருத்திக்காக எப்படிக் காய்ச்சலில் விழுந்தது? திரும்பப் போய், இந்த முறை காய்ச்சலைப் பற்றிக் கேட்காமல் அதை மட்டும் கேட்டேன். அதுதான் என் முதல் கட்டுரை ஆனது. அடுத்த முறை இடம் காலியானபோது வேலை வாங்கித் தந்ததும் அதுதான்.

போன வருஷம் அத்தைக்கு நிஜமாகவே டெங்கு வந்தது. நான்கு நாள் ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கத்தினேன். "ஏனுங்கத்தை என்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ எழுதிக்குவே. மறுக்கா உம் பேப்பரு என்னால கெட்டுப் போச்சுன்னா?"

கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இனி எதுவானாலும் உடனே சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது தலைவலி என்று படுத்தால், "பேப்பருக்கா, நெசத்துக்கா?" என்று கேட்ட பிறகுதான் மாத்திரை. அத்தை சத்தியம் தவறுவதே இல்லை. நேற்று நான் ஒரு கூட்டத்தில் இருந்தபோது போன்.

"அம்மிணி, காலையில ஒரு தும்மல். நெசத் தும்மல்தான். எழுதிக்கிறதும் உடறதும் உன்ற இஷ்டம்."