காலண்டர்களைக் கழற்றிய கரண்டி நைனா

சுவரோடு சண்டை போட்டு ஜெயித்த ஒரே மனிதர் இந்தக் காட்டுப்பாக்கத்தில் எங்கள் கரண்டி நைனாதான். பூச்சு வேலைக்காரர். பேசும்போதும் கொத்துக்கரண்டியை நீட்டித்தான் பேசுவார்.

ஒரு பக்கம் இறங்கிய எங்கள் வீட்டின் அஸ்திவாரத்தை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம். ஆனால் உள்ளே ஹாலிலிருந்து சமையலறை வரை விரிசல். என் வீட்டுக்காரர் அதற்குக் கண்டுபிடித்த வைத்தியம் காலண்டர். நகைக்கடை, மளிகைக்கடை, மருந்துக்கடை என்று சுவர் முழுக்க முருகனும் லட்சுமியும்தான்.

அவருடைய அண்ணனோ, "விரிசல் விட்ட வீடு ஆகாதுடா. வித்துட்டு என் பக்கத்து ஃபிளாட்டுக்கு வந்துடு. ஞாயித்துக்கிழமை புரோக்கரோட வர்றேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் பேச்சுக்கு இவர் பிறந்ததிலிருந்து மறுபேச்சு பேசியதில்லை. நானா போவேன்? செத்தாலும் இந்த வீட்டில்தான்! அன்றைக்கே நைனாவைக் கூப்பிட்டேன்.

வந்ததும் காலண்டரையெல்லாம் கழற்றினார். "இன்னாமா இது, ஊடா, காலண்டர் கடையா?"

பிறகு உளியை எடுத்து விரிசலை இன்னும் பெரிதாகக் கொத்தினார். நான் அலறினேன்.

"தொறந்து பூசுனாத்தாம்மா நிக்கும்" என்று என்னை அடக்கிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பினார். "கீழ அஸ்திவாரம் சரி பண்ணியாச்சு இல்ல? இன்னும் இன்னாத்துக்கு வாயப் பொளந்துகினு நிக்கிற? மூடு!"

விரிசல் மறுபடி விடாமலிருக்க அதன்மேல் வலைப்பட்டை ஒட்டும்போது ஒரு திட்டு, பூசும்போது ஒன்பது திட்டு. பக்கத்து வீட்டு ஐடி பெண் திட்டுச் சத்தம் கேட்டுப் பதறி ஓடிவந்து, "ஆன்ட்டி, அங்கிள்கிட்ட பொறுமையா பேசிப் பாருங்க" என்றாள். அங்கிள் அப்போது ஆபீசில் இருந்தார்!

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். புதுப்பூச்சைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மேல பூசிட்டா ஆச்சா? இது உருப்படாத வீடு."

நைனா சாரத்திலிருந்து குதித்தார். கரண்டி அண்ணனின் மூக்குக்கு நேரே நின்றது.

"பெரியவரே, இந்த ஊட்டத் திட்றதுக்கு நான் ஒருத்தன் கீறேன். வேற எவனும் திட்டக் கூடாது!"

புரோக்கர் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார். அண்ணன் தம்பியைப் பார்த்து, "யாருடா இவன்?" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரர் நைனா பக்கத்தில் போய் நின்றார். "எங்க வீட்டு ஆளுண்ணா" என்றார். அப்புறம் கொஞ்சம் சத்தமாகவே, "வீட்ட விக்கல" என்றார்.

அன்று நைனாவுக்கு நானே இலை போட்டுப் பரிமாறினேன். சாம்பாரில் உப்பில்லை என்று என்னையும் ஒரு பிடி பிடித்தார். நன்றாகத் திட்டட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தேன்.